சந்தனம் வைத்த இறுவட்டு

அந்த விளையாட்டு எங்கள் கணினியில் ஏற மறுத்ததற்கு இராகுகாலமே காரணம் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். நம்பியவர்களில் முதன்மையானவர் மாமா. கொட்டாஞ்சேனையில் பாத்திரக்கடை வைத்திருந்த அவர், ஞாயிறுதோறும் மதிய உணவுக்கு வெள்ளவத்தைக்கு வருவார். உண்டு, உறங்கி, எழுந்து, தேநீர் குடித்து, இராகுகாலம் கழிந்த பின்னரே பேருந்துக்குப் புறப்படுவார். எதிர்வீட்டு அண்ணா அந்த விளையாட்டு இருந்த சீடி இறுவட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில். மாமா சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு சொல்வதற்காகச் சேமித்து வைத்துக்கொண்டார் என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. நான் நடை பழகும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மா கோட்டைப் பகுதியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். என் சொந்த அண்ணா கணினிப் படிப்பை முடித்துவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்து, விசாவை எதிர்பார்த்துக் காத்திருந்தார். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் எங்கள் வீடு. கரையோர ரயில் போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி அதிரும். அந்த அதிர்வு எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. ரயில் ஓடாத நாள்களில்தான் ஏதோ குறைவதுபோல் நிமிர்ந்து பார்ப்போம்.

கூடத்தின் மூலையில் இருந்த கணினி கடையில் வாங்கியதன்று. பிறர் கழித்துவிட்ட பாகங்களைச் சேகரித்து அண்ணா பொருத்தியது. அதன் மூடி ஒருபோதும் முழுமையாக மூடப்பட்டதில்லை. ஒரு பொருள் பழுதானால், ஏன் பழுதானது என்று அறியும்வரை அண்ணாவுக்கு உணவு இறங்காது. அறிந்துவிட்ட பிறகு அந்தப் பொருளின் மீது அவருக்கு அக்கறையே இராது. திருத்திய வானொலியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இதை அம்மா எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்திருந்தார்.

இறுவட்டைத் தந்த எதிர்வீட்டு அண்ணா, ஒழுங்கையின் மறுபக்கத் தொடர்மாடியில் தம் தாயுடன் தனியே வசித்தவர். தாயை நாங்கள் அன்ரி என்போம். அவர் சட்டைகள் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். எங்கள் பல்கணியும் அவர்களுடைய பல்கணியும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. அண்ணாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் கொண்டுவந்தது ஒரு தீவில் நகரம் அமைக்கும் விளையாட்டு. வீதி போட வேண்டும், நீர்க்குழாய் பதிக்க வேண்டும், மின்கம்பம் நட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மக்கள் வந்து குடியேறுவார்கள். ஏதேனும் குறைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். விளையாடுபவரே நகரத்தின் மேயர்.

“இந்தாங்கோ மேயர், உங்கட நகரம்,” என்று இரு கைகளாலும் நீட்டினார் எதிர்வீட்டு அண்ணா. “கட்டி முடிச்ச உடனை எனக்குக் கடற்கரைப் பக்கமா ஒரு வீடு ஒதுக்கவேணும். படுத்திருக்கேக்கையே கடல் தெரியவேணும்.”

“முன்னுக்கு ரயில்பாதை வரும்,” என்றேன், மேயருக்குரிய கண்டிப்போடு.

“வரட்டும். ரயில் சத்தம் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது.”

“கொப்பி சீடியைக் குடுத்திட்டு வீடு கேக்கிறாய். வெக்கமில்லையோடா?” என்றார் அண்ணா.

அது பிரதிதான். வெள்ளை முகப்பில் கறுப்பு மையால் விளையாட்டின் பெயர் கோணல்மாணலாக எழுதப்பட்டிருந்தது. மூல இறுவட்டை வைத்திருந்தவர் அதற்குள் லண்டன் போய்விட்டிருந்தார். ஆகவே எங்களிடம் இருந்தது அந்த ஒன்றே.

உடனே அதைக் கணினியில் போட அம்மா விடவில்லை. நவராத்திரியின் கடைசி நாள்கள் அவை. புதிதாகத் தொடங்குவது எதுவானாலும் விசயதசமியன்று தொடங்க வேண்டும் என்பது அம்மாவின் விதி. விளையாட்டு எப்படிக் கல்வியாகும் என்று அண்ணா கேட்டார். கணினி கல்வியென்றால் அதற்குள் போவதும் கல்விதான் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். என் பாடப்புத்தகங்கள், கேத்திரகணிதப் பெட்டி, அண்ணாவின் திருப்புளிகள் எல்லாம் சாமித்தட்டில் வரிசையாக அடுக்கப்பட்டன. கணினியைத் தூக்கி அங்கே வைக்க இயலாததால், அதன் பிரதிநிதியாகச் சுட்டி மட்டும் வாலோடு வீற்றிருந்தது. அதன் அருகே இறுவட்டு. பூசை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. நான் தட்டின் முன் அமர்ந்து, படிக்கக்கூடாத புத்தகங்களைக் கவனியாமல், அந்த வட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள்களின் மாலைகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக இயலாது. போர்க்காலமாகையால் அவை தமிழ் இளைஞர்களுக்கு நல்ல மாலைகளாக இருக்கவில்லை. பிறந்த இடம் எது, யார் வீட்டில் தங்கியிருக்கிறாய், ஏன் இந்த நேரத்தில் இங்கே நிற்கிறாய் என்ற கேள்விகள் ஒவ்வொரு சந்தியிலும் காத்திருந்தன. விடை சரியாக இருந்தாலும் சிலரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலர் மறுநாள் காலையே திரும்பினர். சிலர் பல நாள் கழித்து வந்தனர். சிலரைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை.

அண்ணாவும் எதிர்வீட்டு அண்ணாவும் பொழுது சாயும் வேளையில் கடற்கரைக்குப் போவார்கள். ரயில்பாதையைக் கடந்து, பாறைகளில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய ரோல்சைத் தின்றபடி கதைத்துக்கொண்டிருப்பார்கள். வேறெங்கும் போவதில்லை. அண்ணா புறப்பட்டவுடன் அம்மா பல்கணி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நிற்பார். எதிர்ப் பல்கணியிலும் விளக்கு அணையும். இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் காணாதவர்கள்போல் ஒழுங்கையின் கடல்முனையையே பார்த்து நிற்பார்கள். எங்கள் வீட்டில் இரவுச் சமையல் அண்ணாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்ட பிறகுதான் தொடங்கும். நான் பசிக்கிறது என்றால், “பொறு பிள்ளை, அண்ணா வரட்டும்,” என்பார் அம்மா. எல்லோரும் சேர்ந்து உண்பதற்காகவே அவர் காத்திருப்பதாக நான் எண்ணியிருந்தேன்.

போகாதே என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அதுவரை வாசலில் நின்ற பயம் உள்ளே வந்து குடியேறிவிடும் என்று அவர் கருதியிருக்கலாம்.

விசயதசமியன்று காலை அம்மா இறுவட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் தந்தார். மாலையில் அண்ணா அதைக் கணினிக்குள் இட்டார். திரையில் நீலப் பட்டை ஒன்று தோன்றி மெல்ல நீண்டது. நூற்றுக்கு இருபது, நாற்பது, அறுபது. அறுபத்தேழில் நின்றது. உள்ளே வட்டு விர்ரென்று சுழன்று, தயங்கி, மறுபடி சுழன்றது. பிறகு ஒரு சாம்பல்நிறப் பெட்டி எழுந்தது. ஒரு கோப்பை வாசிக்க முடியவில்லை, இறுவட்டு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று அது ஆங்கிலத்தில் கூறியது. கீழே இரண்டு பொத்தான்கள்: மீண்டும் முயலலாம், அல்லது கைவிடலாம்.

“உது எல்லாத்துக்கும் உதைத்தான் சொல்லும்,” என்று அண்ணா அந்த அறிவுரையைத் தள்ளிவிட்டார். கணினி தன் நோயைத் தானே நேராகச் சொல்லும் என்று அவர் நம்பத் தயாராக இல்லை. கடினமான காரணமே அவருக்கு வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு அண்ணா கீழே நின்று கூப்பிட்டார். “மச்சான், வாறியோ?”

“இது அறுபத்தேழிலை நிண்டு சாதிக்குதடா. நீ போ. நான் பின்னாலை வாறன்.”

அன்று அவர் பின்னால் போகவில்லை. மூடியைக் கழற்றினார். உள்ளிருந்த தூசியை என் பழைய பல்துலக்கியால் தட்டினார். பட்டைக் கம்பியை மாற்றிச் செருகினார். அறுபத்தேழு. மறுநாள் இறுவட்டு இயக்கியைத் திறந்து, அதன் கண்ணாடிக் கண்ணைப் பஞ்சால் ஒற்றினார். அறுபத்தேழு. அதற்கடுத்த நாள் வைரஸ் தேடினார், வன்தட்டில் இடம் ஒதுக்கினார். எதிர்வீட்டு அண்ணா யாரிடமோ இரவலாக வாங்கிவந்த வேறோர் இயக்கியைப் பொருத்தினார். நான் அருகே முக்காலியில் அமர்ந்து திருகாணிகளைத் தேங்காய்ச் சிரட்டையில் சேகரித்துக் காவல் காத்தேன். எல்லாவற்றின் முடிவிலும் மீண்டும் முயலும் பொத்தானை அழுத்துவது என் உரிமை.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். நிலைமையைக் கேட்டறிந்தார். சேமித்து வைத்திருந்ததை எடுத்தார்.

“நான் அண்டைக்கே மணிக்கூட்டைப் பாத்தனான். நட்ட நடு இராகுகாலத்திலை வந்து சேர்ந்த சாமான். அது எப்பிடி ஏறும்?”

“மாமா, கடையிலை அண்டைக்கு வித்த சட்டியெல்லாம் ஓட்டையாய்ப் போச்சோ?” என்றார் அண்ணா.

“ஞாயிறு கடை பூட்டு, மருமகன். அதாலைதான் சட்டி தப்பினது.”

அம்மா சிரித்தார். அம்மா சிரித்ததை நான் கவனித்ததற்குக் காரணம், அந்த ஆண்டில் அது அரிதாக இருந்ததே. அந்த வாரம் முழுவதும் வேறொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. பல்கணி விளக்கு அணையவில்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் அம்மா நேரே அடுப்படிக்குப் போனார். பிட்டு அவியும் மணம் பொழுது இருட்டுவதற்கு முன்பே வந்தது. கணினிக்கு அருகில் எங்கள் இருவருக்கும் தேநீரும் சுட்ட வடையும் வைத்துவிட்டு, திரையில் நிற்கும் நீலப் பட்டையைச் சற்றுநேரம் பார்ப்பார். என் நகரம் எழுவதில் அம்மாவுக்கும் விருப்பம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

ஒரு மாலை, எல்லாவற்றையும் செய்து முடித்த களைப்பில், அண்ணா இறுவட்டை மேசைவிளக்குக்கு நேரே சரித்துப் பிடித்தார். மினுங்கும் பக்கத்தில், மங்கிய மஞ்சளாய், காசளவில் ஒரு வளையம் தெரிந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“அம்மா! சீடிக்குப் பொட்டு வைச்சனீங்களோ?”

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார். “எல்லாத்துக்கும்தான் வைச்சனான்.”

“எழுதின பக்கத்திலை வைக்கிறதுக்கென்ன? இந்தப் பக்கத்திலைதானே அம்மா எல்லாம் கிடக்கு.”

“அந்தப் பக்கம் முழுக்கக் கிறுக்கிக் கிடந்தது. அதிலை எப்பிடியடா சந்தனம் வைக்கிறது? இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரித் துப்புரவாய் இருந்தது. இதுதான் முகமெண்டு நினைச்சன்.”

அண்ணா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பல்கணிக்குப் போய் எதிர்வீட்டை நோக்கிக் கூவினார். “மச்சான், சீடிக்கு அம்மா பொட்டு வைச்சு ஐயராக்கிப் போட்டாவடா!” எதிர்ப்பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. “அப்ப பூணூலையும் போட்டுவிடு. ஏறும்!” அம்மாவும் சிரித்தார். ஆனால் கரண்டியைப் பிடித்தபடி, அண்ணாவின் கையிலிருந்த வட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சிறிய பொட்டு அவ்வளவு பெரிய இயந்திரத்தை இத்தனை நாளாய் நிறுத்தி வைத்திருந்ததை அவர் அப்போதுதான் அறிந்தார்.

அண்ணா சவர்க்கார நீரில் வட்டைக் கழுவினார். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது என்று எனக்குக் காட்டினார். அன்று பட்டை அறுபத்தேழைத் தாண்டியது. நான் கைதட்டினேன். தொண்ணூற்றை எட்டும் வேளையில் மின்சாரம் போயிற்று. வீடே இருண்டது. “பறவாயில்லை. நாளைக்கு ஏறிடும்,” என்றார் அண்ணா.

மறுநாள் அது நாற்பதில் நின்றது.

அதற்கடுத்த நாள் ஐம்பத்திரண்டில். பிறகு முப்பத்தெட்டில். முன்பு ஒரே இடத்தில் பிடிவாதமாய் நின்ற விளையாட்டு, இப்போது ஒவ்வொரு மாலையும் வெவ்வேறிடத்தில் நின்றது. அண்ணா வட்டை வெளியே எடுப்பார். விளக்குக்கு நேரே பிடிப்பார். நெடுநேரம் பார்ப்பார். சட்டை நுனியால் ஒருமுறை துடைப்பார். மறுபடி இடுவார். மறுபடி நிற்கும். “நாளைக்குப் பாப்பம், தங்கச்சி,” என்பார். முன்போல் மூடியைக் கழற்றவில்லை, கம்பியை மாற்றவில்லை. அவர் சோர்ந்துவிட்டார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆயினும் மாலையானதும் கணினியின் முன் வந்து அமர்ந்துவிடுவார்.

எனக்கு மட்டும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்கான காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பொழுது சாய்கையில், அம்மா சாமிவிளக்கை ஏற்றிவிட்டு, கூடத்தில் யாருமில்லை என்று எண்ணி, கணினி மேசையிலிருந்த இறுவட்டை உறையிலிருந்து எடுத்தார். விளக்கின் எண்ணெயில் பெருவிரலைத் தொட்டார். மினுங்கும் பக்கத்தில் மெல்ல அழுத்தினார். கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். பிறகு வட்டை உறையிலிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். சந்தனம் அடையாளம் விட்டுவிடுகிறது. எண்ணெய் வட்டைப்போலவே மினுங்கும், தெரியாது. ஆகவே அம்மா அண்ணாவின் கேலிக்குத் தப்பி, இரகசியமாக ஆசீர்வதிக்க வழி கண்டுவிட்டார் என்று என் பத்து வயது முடிவு செய்தது. என் நகரத்துக்காக அம்மா மன்றாடுகிறார். அந்த நினைப்பில் நெஞ்சு நிறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. மழை விட்டு, ஒழுங்கையில் நீர் தேங்கியிருந்தது. எதிர்வீட்டு அண்ணா காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் பல்கணிக்குக் கீழே வந்து நின்றார்.

“என்ன மேயர், நகரத்துக்குத் தண்ணி வந்திட்டுதோ? இஞ்சை ஒழுங்கையெல்லாம் வந்திட்டுது.”

“இன்னும் ஏறேல்லை,” என்றேன்.

“அவனை அனுப்புங்கோ. அது இந்த வருசம் ஏறாது. டேய் மச்சான், வெளியிலை வாடா! எத்தினை நாளாய் அந்தப் பெட்டிக்குள்ளை தலையைவிட்டுக்கொண்டிருக்கிறாய்? தனியப் போய்த் தனிய ரோல்ஸ் தின்ன எனக்கு விசரே?”

அண்ணா எழுந்தார். செருப்பைக்கூட மாட்டினார். அந்த வேளையில் அம்மா சாமித்தட்டின் முன்பிருந்து, திரும்பாமலே பேசினார்.

“அதை முடிச்சுப்போட்டுப் போவன், தம்பி. பிள்ளை எத்தினை நாளாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறாள்.”

அண்ணா அம்மாவின் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பல்கணிக்கு வந்து, “இண்டைக்கும் இல்லையடா. நாளைக்குக் கட்டாயம்,” என்றார்.

“நாளைக்கு, நாளைக்கு. நீ விசா எடுத்தாலும் சீடியோடைதான் போவாய்.” எதிர்வீட்டு அண்ணா என்னை நோக்கிக் கையை உயர்த்தினார். “சரி மேயர், நான் போய் வீட்டுக்கு இடம் பாத்து வைக்கிறன்.”

தேங்கிய நீரைத் தாண்டித் தாண்டி அவர் கடல்முனையை நோக்கிப் போனார். அன்று பட்டை நாற்பத்தைந்தில் நின்றது. ரயில் போயிற்று. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. நாங்கள் பிட்டும் சம்பலும் உண்டோம். எதிர்ப் பல்கணியில் விளக்கு அணைந்தே இருந்தது. அது மறுநாள் காலைவரை எரியவில்லை.

கடல்முனையில் ஒரு வாகனம் நின்றதாகவும், அதில் வந்தவர்கள் எதிர்வீட்டு அண்ணாவிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டதாகவும், அவர் அமைதியாக ஏறியதாகவும் ரோல்ஸ் கடையில் நின்றவர்கள் சொன்னார்கள். யாருடைய வாகனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. காலையில் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். தையல் இயந்திரத்தில் பாதி தைத்த சட்டை ஊசிக்கடியில் இருந்தது. அன்ரி அழவில்லை. அம்மா கொண்டுபோன தேநீரைக் கையில் வாங்கும்போது, “உங்கட பெடியனாவது வீட்டிலை நிண்டானே. அது பெரிய புண்ணியம், அக்கா,” என்றார். அன்ரி பிடிக்குமுன்பே அம்மா கோப்பையை விட்டுவிட, தேநீர் இருவர் கையிலும் சிந்தியது. சூடு தாங்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்து, நான் ஓடிப்போய்த் துணி எடுத்துவந்தேன்.

அதன்பிறகு அண்ணா கணினியின் பக்கம் வரவில்லை. சில நாள் கழித்து, பாடசாலை விட்டு வந்த பிற்பகலில், எனக்குத் தாங்கவில்லை. இறுவட்டை எடுத்தேன். அண்ணா சொல்லித்தந்தபடியே சவர்க்கார நீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, உள்ளே இட்டேன். நீலப் பட்டை நீண்டது. நாற்பது. அறுபத்தேழு. தொண்ணூறு. ஓரிடத்திலும் தயங்காமல், ஒரு முறையும் இடறாமல், அது நூற்றைத் தொட்டது. கடல் நடுவே பச்சைத் தீவு ஒன்று, வீதியின்றி, வீடின்றி, திரையில் விரிந்தது.

“அண்ணா! ஏறிட்டுது! ஏறிட்டுது!” என்று கத்திக்கொண்டு அறைக்குள் ஓடினேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அண்ணா எழுந்து வந்தார். திரையின் முன் சற்றுநேரம் நின்றார். பிறகு கையை நீட்டித் திரையின் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். அப்போது அலுவலகத்திலிருந்து வந்த அம்மாவிடமும் சொன்னேன். அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் அமர்ந்தார். நான் அழுதேன். இத்தனை பாடுபட்டு ஏறிய விளையாட்டைப் பார்த்து மகிழ ஒருவருமில்லையே என்று அழுதேன்.

எதிர்வீட்டு அண்ணாவைப் பற்றி ஒன்றும் தெரியவராமலே, விசா வந்து அண்ணா போனார். அம்மா, பெடியன்கள் முன்பு கடற்கரைக்குப் போன அதே பொழுதில், இரவு உணவை ஒரு கிண்ணத்தில் மூடிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து அன்ரியிடம் போகத் தொடங்கினார். காய்ச்சலாயினும் மழையாயினும் அது தவறவில்லை. அடுத்த நவராத்திரிக்குச் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தந்தார். “நீ வை, பிள்ளை. என்ர கை சரியில்லை.” அம்மாவின் கையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதன்பின் அவர் எந்தப் பொருளுக்கும் பொட்டு வைத்து நான் காணவில்லை.

நெடுங்காலத்தின் பின், அம்மாவின் மரணச் சடங்குக்கு அண்ணா வந்திருந்தார். திரும்பிப் போவதற்கு முதல்நாள், சாமித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், அந்தச் சீடியைத் திருத்த உனக்கு ஏன் அவ்வளவு நாள் எடுத்தது என்று கேட்டேன். நான் திரைச்சீலைக்குப் பின்னால் கண்டதையும் சொன்னேன். அவர் துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

“ஒவ்வொரு நாளும் ஒரே பெருவிரல் அடையாளம், தங்கச்சி. எனக்குத் தெரியாதோ? போகாதை எண்டு அம்மா வாயாலை கேட்டிருந்தா நான் சண்டை பிடிச்சுக்கொண்டு போயிருப்பன். அவ கேக்கேல்லை.”

ரயில் போயிற்று. அலமாரிக் கண்ணாடி அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“அவனையும் மேலை வாடா எண்டு கூப்பிட்டிருக்கலாம்,” என்றார்.

அந்த மாலைகளில் ஒரு விளையாட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறோம் என்று நம்பியவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அண்ணா தம் பிள்ளைகளிடம் திரும்பிவிட்டார். மாமா காலமாகிப் பல ஆண்டுகள். பொழுது சாயும் வேளையில் இப்போது நான் கிண்ணத்தை மூடிக்கொண்டு ஒழுங்கையைக் கடக்கிறேன். எதிர்ப் பல்கணியில், விளக்கைப் போடாமல், அன்ரி கடல்முனையைப் பார்த்து அமர்ந்திருப்பார். நான் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். அந்த மாலைகளை அறிந்தவர்களில் இந்த ஒழுங்கையில் எஞ்சியிருப்பது அவரும் நானும்தான்.